இருபது வயதில் முடிந்துபோகாத கலைஞர்: நாஸ் மீதான தீர்ப்புக்கு ஒரு மறுப்பு

ஹிப்-ஹாப் இசையின் வரலாற்றை எழுதுவோரிடையே நாஸ் என்னும் கலைஞரைப் பற்றி ஏறத்தாழ மறுபேச்சற்ற ஒரு தீர்ப்பு நிலைபெற்றிருக்கிறது. நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்த நசீர் ஜோன்ஸ் தம் இருபதாம் வயதில், 1994 ஏப்ரலில், 'இல்மேட்டிக்' என்ற முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அது ஒரு சாதனை. அதன்பின் அவர் சந்தைக்கு விலைபோனார், தமக்கேற்ற இசைப்பின்னணியைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் திண்டாடினார், 2001இல் ஜே-சீ என்ற போட்டி ராப் பாடகர் தொடுத்த வசைப்பாட்டு உறைத்ததால் ஒருமுறை விழித்தெழுந்தார், பிறகு பழைய பெயரைக் கொண்டே காலம் தள்ளினார் என்பதே அத்தீர்ப்பின் சாரம். இதில் முதல் கூறு மட்டுமே உண்மை. மற்றவை ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதால் உறுதியானவைபோல் தோன்றுகின்றனவே தவிர, தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எதுவும் சான்றின்முன் நிலைப்பதில்லை.

தீர்ப்பு எவ்வாறு உருவாயிற்று என்பதை முதலில் பார்க்கவேண்டும். 'இல்மேட்டிக்' வெளிவந்தபோது 'தி சோர்ஸ்' என்ற ஹிப்-ஹாப் இதழ் அதற்குத் தன் உச்ச மதிப்பீடாகிய ஐந்து ஒலிவாங்கிகளை வழங்கியது. ஆனால் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் அத்தொகுப்பு 12ஆம் இடத்தில்தான் நுழைந்தது. ஐந்து லட்சம் படிகளுக்கான தங்கச் சான்று கிடைப்பதற்கு 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதாவது, அதைக் கொண்டாடியவர்கள் ஒரு சிறு வட்டத்தினர். ஊர் அறியாத ஒன்றைத் தாங்கள் அறிந்திருக்கிறோம் என்ற பெருமிதம் அவர்களுடைய பாராட்டில் பாதி. இரண்டாம் தொகுப்பு பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தபோது அந்தப் பெருமிதத்துக்கு இடமில்லாமல் போயிற்று, 'விலைபோய்விட்டார்' என்ற சொல் உடனே பிறந்தது. ஐந்தாண்டு கழித்து ஜே-சீ தம் வசைப்பாட்டில் பத்தாண்டுக்கு ஒரு நல்ல தொகுப்புத்தான் நாஸின் சராசரி என்று கணக்குப் போட்டுக் காட்ட, ரசிகர்களின் முணுமுணுப்பு சூத்திரமாகிவிட்டது. அறிஞர் உலகமும் தன் பங்குக்கு அதை இறுக்கிற்று: ஒரு பாட்டுக்கு ஒரு கட்டுரை என்ற முறையில் 'இல்மேட்டிக்' பற்றி 2010இல் ஒரு நூலே வந்தது, 2021இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அத்தொகுப்பைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. இவை அனைத்தும் தகுதியான சிறப்புகளே. ஆயினும், ஒரு கலைஞரின் ஒரு படைப்பை மட்டும் பேழைக்குள் வைத்துப் பூட்டியபின், எஞ்சியவை பேழைக்கு வெளியே கிடப்பதையே அவற்றின் குறைக்குச் சான்றாகக் காட்டுவது நேர்மையான வாதம் ஆகாது.

'இல்மேட்டிக்' எத்தகைய படைப்பு என்பதையும் தீர்ப்பாளர்கள் தெளிவாகச் சொல்வதில்லை. பத்துப் பதிவுகள், நாற்பது நிமிடத்துக்குள் அடங்கும் நீளம். டிஜே பிரீமியர், லார்ஜ் புரொஃபசர், பீட் ராக், கியூ-டிப், எல்.இ.எஸ். ஆகிய ஐவர் அதன் முதன்மைத் தயாரிப்பாளர்கள். ஹிப்-ஹாப்பில் தயாரிப்பாளர் என்பவர் பணம் போடுபவர் அல்லர். பழைய இசைத்தட்டுகளிலிருந்து சிறு துணுக்குகளை வெட்டியெடுத்து, அவற்றை மத்தளத் தாளத்தோடு அடுக்கி, பாடகர் தம் சொற்களை நிறுத்துவதற்கான 'பீட்' என்னும் இசைத்தளத்தை அமைப்பவர் அவரே. ஒரு தொகுப்புக்கு ஒரு தயாரிப்பாளர் அல்லது ஒரு குழு என்பதே வழக்கமாக இருந்த காலத்தில், நகரத்தின் தேர்ந்த கைகள் பலவற்றை ஓர் இளைஞருக்காக ஒன்றுசேர்த்தது அத்தொகுப்பின் தனித்தன்மை. அதன் ஒலி ஒருமையில் பெரும்பங்கு அவர்களுடையது. நாஸுக்கே உரியது இரண்டு. ஒன்று, ரகிம் என்ற முன்னோடியிடமிருந்து பெற்ற அடியமைப்பை அவர் மேலும் நெகிழ்த்திய விதம்: அடியின் இறுதியில் மட்டுமன்றி அடியின் உள்ளேயும் பல அசைகள் ஒத்து ஒலிக்கும் இயைபுகளை அமைத்து, தாளவட்டம் முடிந்த பிறகும் வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த வட்டத்துக்குள் செலுத்துவது. மற்றொன்று, பார்வைக் கோணம். 1939இல் திறக்கப்பட்ட, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்ட, அமெரிக்காவின் மிகப் பெரிய அரசுக் குடியிருப்பான குவீன்ஸ்பிரிட்ஜின் ஒரு சன்னலிலிருந்து கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சியாகவே அவர் அத்தொகுப்பில் பேசுகிறார். ஆனால் 'ஒன் லவ்' என்ற பாட்டில், சிறையிலிருக்கும் நண்பர்களுக்கு எழுதும் மடல்களாகப் பாட்டின் பெரும்பகுதியை அமைத்தபோது, சாட்சி என்ற நிலையை விட்டு வேறொன்றை அவர் தேடத் தொடங்கியதும் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அந்தத் தேடலைத் தமிழ் வாசகர் எளிதில் அடையாளம் காணலாம். அகப்பாடலில் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என வகுத்துக்கொண்டு, பாடலில் பேசும் குரல் வேறு, பாடிய புலவர் வேறு என்று பிரித்தறியும் மரபு நமக்கு உண்டு. ராப் விமர்சனத்தில் அத்தகைய பயிற்சி வேரூன்றவில்லை. பாட்டில் வரும் தன்மை ஒருமையைப் பாடகரின் வாக்குமூலமாகவே கொண்டு, அது உண்மையா பொய்யா என்று விசாரிக்கும் வழக்கமே மேலோங்கி நிற்கிறது. நாஸின் முப்பதாண்டுப் பணியோ, யார் பேசுவது, எந்தக் காலத்தில் நின்று பேசுவது என்ற இரண்டு கேள்விகளை விடாமல் சோதித்த பணி. வாக்குமூலத்தை மட்டும் எதிர்பார்க்கும் செவிக்கு, முதல் தொகுப்பிலிருந்து விலகும் ஒவ்வோர் அடியும் உண்மையிலிருந்து விலகுவதாகவே படும்.

1996 ஜூலையில் வந்த 'இட் வாஸ் ரிட்டன்' மீதான குற்றச்சாட்டு இந்தப் பிழைக்கு நல்ல எடுத்துக்காட்டு. டிராக்மாஸ்டர்ஸ் என்ற வெற்றிகரமான இரட்டையரின் பளபளப்பான இசையமைப்பு, லாரின் ஹில்லின் குரலோடு வானொலியை ஆக்கிரமித்த 'இஃப் ஐ ரூல்ட் த வேர்ல்ட்', எஸ்கோபார் என்ற போதைப்பொருள் கடத்தல்காரரின் பெயரைப் புனைந்துகொண்டது ஆகியவை சரணாகதியின் அடையாளங்களாக அடுக்கப்படுகின்றன. அந்தப் புனைவு சந்தைக்காக 1996இல் திடீரென்று முளைத்ததன்று. கூல் ஜி ராப் போன்றோர் தொடங்கிவைத்த, குற்றவுலகைத் திரைப்படம்போல் விவரிக்கும் போக்கு 1995இல் ரேக்வான் என்ற ராப் பாடகரின் தொகுப்பில் உச்சம் பெற்றது. அதில் விருந்தினராகப் பாடிய நாஸை அதே விமர்சகர்கள் மெச்சினார்கள். ரேக்வானிடம் கலையாகத் தெரிந்தது ஓராண்டுக்குள் நாஸிடம் வணிகமானது எப்படி என்பதற்கு விற்பனை எண்ணிக்கை தவிர வேறு விடை இல்லை. மேலும், அத்தொகுப்பின் நடுவில் 'ஐ கேவ் யூ பவர்' இருக்கிறது. பிரீமியர் இசையமைத்த இப்பாட்டு முழுவதும் ஒரு கைத்துப்பாக்கியின் கூற்று. பலர் கைமாறி, பிறர் செய்த கொலைகளுக்குக் கருவியாகி அலுத்துப்போன அந்தத் துப்பாக்கி ஒரு கட்டத்தில் சுட மறுக்கிறது. ஏந்தியவர் அதனால் வீழ்கிறார். அடுத்த கணமே வேறொரு கை அதை எடுத்துக்கொள்கிறது. வன்முறைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியைச் சன்னலில் நின்ற சாட்சியால் இவ்வளவு கூர்மையாக எழுப்பியிருக்க முடியாது. 'இல்மேட்டிக்'கில் இதற்கு ஒப்பான முயற்சி எதுவும் இல்லை என்பதை, அத்தொகுப்பின் பக்தர்கள் வருத்தமின்றி ஒப்புக்கொள்ளலாம்.

சரிவுக் கோட்பாட்டின் உண்மையான ஆதாரம் 1999ஆம் ஆண்டுதான். ஏப்ரலில் 'ஐ ஆம்', நவம்பரில் 'நாஸ்ட்ரடாமஸ்' என அவ்வாண்டு இரு தொகுப்புகள் வந்தன. முன்னது சீரற்றது, பின்னது அவசரத்தில் கோத்தது என்பதில் ஐயமில்லை; 'நாஸ்ட்ரடாமஸ்' அவருடைய பணியில் மிக நலிந்தது என்று இக்கட்டுரையும் ஏற்கிறது. ஆனால் நலிவுக்குக் காரணம் கற்பனை வறட்சி என்று சொல்பவர்கள் நடந்ததைச் சொல்வதில்லை. 'ஐ ஆம்' முதலில் பிறப்பு தொடங்கி ஒரு வாழ்க்கையை விரித்துச் செல்லும் இரட்டைத் தொகுப்பாகத் திட்டமிடப்பட்டது. எம்பி3 கோப்புகளாக இசையை இணையத்தில் பகிரும் பழக்கம் அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. வெளியீட்டுக்கு முன்பே பதிவுகள் பல கசிந்து, தெருவோரத் திருட்டுப் படிகளாகவும் சுற்றின. நிறுவனமும் கலைஞரும் கசிந்தவற்றுள் பலவற்றைக் கைவிட்டு, புதியவற்றை இட்டு நிரப்பி, ஒற்றைத் தொகுப்பாக வெளியிட்டார்கள். திட்டத்தின் முதுகெலும்பே அங்கே முறிந்தது. கைவிடப்பட்டவற்றுள் சில 2002 செப்டம்பரில் 'தி லாஸ்ட் டேப்ஸ்' என்ற பெயரில் முறையாக வெளிவந்தபோது, சரிவுக் காலம் என்று எழுதித் தள்ளப்பட்ட ஆண்டுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது வெளிப்பட்டது: கருவறைக்குள்ளிருந்து தன் பெற்றோரின் சச்சரவைக் கேட்டுக்கொண்டிருக்கும் சிசுவின் கூற்றாக அமைந்த 'ஃபீட்டஸ்', வீட்டுக்கு அடங்காத தந்தையைக் குற்றம் சாட்டியும் புரிந்துகொண்டும் நகரும் 'பாப்பா வாஸ் அ பிளேயா' ஆகியவை அத்தொகுப்பில் இடம்பெற்றன. இன்று அதனை அவருடைய சிறந்த படைப்புகளுள் ஒன்றாக மதிப்பவர்கள் பலர். அவர்களே, அதே அமர்வுகளில் உருவான பாட்டுகளை நாஸின் வீழ்ச்சிக் காலத்தவை என்று வேறோர் இடத்தில் எழுதுவது விந்தை. வெளியீட்டு நாள்களை வைத்து வரைந்த கோடு சரிகிறது. பதிவு நாள்களை வைத்து வரைந்தால் அந்தச் சரிவு காணாமல் போகிறது.

'நாஸ்ட்ரடாமஸ்' தொகுப்பிலும்கூட 'லாஸ்ட் வர்ட்ஸ்' என்ற பாட்டு இருக்கிறது. அதில் பேசுவது ஒரு சிறையறை. தன்னுள் அடைபட்டவர்கள் சுவரில் கிறுக்கியதையும் இரவில் அழுததையும் அது பார்த்துக்கொண்டே இருக்கிறது, எதையும் செய்ய இயலாமலும், எவர்மீதும் இரக்கமில்லாமலும். தோல்வியடைந்த தொகுப்பில் இருப்பதால் இப்பாட்டைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இந்தக் காலவரிசை, ஜே-சீயின் தாக்குதலே நாஸை மீட்டது என்ற கதையையும் தகர்த்துவிடுகிறது. 2001 செப்டம்பரில் ஜே-சீயின் 'டேக்ஓவர்' வந்தது, டிசம்பரில் 'ஸ்டில்மேட்டிக்' தொகுப்பில் 'ஈதர்' என்ற பதிலடி வந்தது, 'தி சோர்ஸ்' மீண்டும் ஐந்து ஒலிவாங்கிகளை அளித்தது. கதைக்கு வேண்டிய நாடகம் எல்லாம் உண்டு. இருவருக்கிடையிலான பூசல் ரசிகர்களுக்குப் பெருவிருந்தாக இருந்ததையும் மறுக்கவேண்டியதில்லை. எனினும் 'ஈதர்' ஒரு வசைப்பாட்டு. வசைக்குரிய ஆற்றலும் வசைக்குரிய மலினமும் ஒருங்கே கொண்டது. ஒருபால் புணர்ச்சியை இழிசொல்லாக்கும் அதன் வரிகள் இன்று கேட்கக் கூசுகின்றன. தொகுப்பின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. 'ரீவைண்ட்' ஒரு கொலையைப் பின்னிருந்து முன்னாகச் சொல்கிறது: தோட்டா உடலிலிருந்து புறப்பட்டுக் குழலுக்குத் திரும்புகிறது, ஓடிவந்தவர்கள் பின்னோக்கி ஓடுகிறார்கள், பேச்சு விடையிலிருந்து வினாவுக்குச் செல்கிறது. 'ஒன் மைக்' கிசுகிசுப்பில் தொடங்கி ஓலத்துக்கு ஏறி மீண்டும் அடங்குகிறது. கடைசிப் பகுதியில் அந்த வரிசையே தலைகீழாகிறது. 'செகண்ட் சைல்ட்ஹுட்' வயது ஏறியும் வளராத மனிதர்களை, நண்பருக்குரிய பரிவோடும் கண்டிப்போடும் படம்பிடிக்கிறது. இவற்றுள் எதற்கும் ஜே-சீ காரணம் அல்லர். வடிவத்தின்மீது இத்தகைய பிடிமானம் மூன்று மாதப் பூசலில் கைகூடுவதும் அன்று.

'நாஸுக்கு பீட் தேர்ந்தெடுக்கத் தெரியாது' என்ற மற்றொரு வாய்பாடு, அமெரிக்க ராப் ரசிகரிடையே பழமொழியாகவே ஆகிவிட்டது. சில தேர்வுகள் பிழைபட்டவை என்பது உண்மை. 2004இல் வந்த 'ஸ்ட்ரீட்ஸ் டிசைப்பிள்' இரட்டைத் தொகுப்பில் பாதியைக் குறைத்திருந்தால் எவரும் வருந்தியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்த வாய்பாடு 'இல்மேட்டிக்'கின் ஒலியையே இசைத்தளத்துக்கான ஒரே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. சலாம் ரெமி என்ற தயாரிப்பாளர் 2002இல் 'மேட் யூ லுக்' பாட்டுக்காக இன்கிரெடிபிள் போங்கோ பேண்டின் 'அப்பாச்சி'யை, அதாவது ஹிப்-ஹாப் பிறந்த காலத்து நடன விருந்துகளின் மூலத்தாளத்தையே, வேகம் குறைத்து நிறுத்தியபோது நாஸ் தேர்ந்தது ஓர் இசையை மட்டுமன்று, அக்கலையின் பிறப்பிடத்தையும்தான். 'ஒன் மைக்' பாட்டின் இசையமைப்பில் அவருடைய பெயரும் இருக்கிறது. தாளத்தை ஒடுக்கிக் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு இடம்விட வேண்டும் என்று அறிந்தவருக்கே அத்தகைய அமைப்பு வாய்க்கும். சொல் மிகுந்த கலைஞருக்கு இசை மிகாமல் இருப்பதே பல நேரம் தேவை என்பதை இவ்வாய்பாட்டை ஓதுவோர் எண்ணிப்பார்ப்பதில்லை.

இத்தனை குற்றச்சாட்டுகளுக்கும் அடியில், வெளிப்படையாகச் சொல்லப்படாத ஓர் எண்ணம் இருக்கிறது: ராப் இளைஞர்களின் கலை, அதில் முதுமைக்கு இடமில்லை என்பதே அது. நாஸின் வீட்டுச் சூழல் இந்த எண்ணத்துக்கு நேர் எதிரானது. அவருடைய தந்தை ஒலு தாரா, மிசிசிப்பியின் நாட்செஸ் நகரிலிருந்து நியூயார்க் வந்த ஜாஸ் கலைஞர். கார்னெட் என்னும் சிறு எக்காளத்தை வாசிப்பவர். 'இல்மேட்டிக்'கின் ஒரு பாட்டு அவருடைய வாசிப்போடுதான் முடிகிறது. பல்லாண்டுகள் பிறர் குழுக்களில் வாசித்த ஒலு தாரா, தம் பெயரில் முதல் தொகுப்பை வெளியிட்டது 1998இல், ஐம்பது வயதைக் கடந்த பிறகு. 2004இல் 'பிரிட்ஜிங் த கேப்' பாட்டில் தந்தையின் புளூஸ் குரலும் மகனின் ராப்பும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டன. இருபதில் உச்சம் தொட்டு முப்பதில் ஓய்ந்துபோவதை இயல்பாக எண்ணும் மரபில் வளர்ந்தவர் அல்லர் நாஸ்.

2012இல் வந்த 'லைஃப் இஸ் குட்' தொகுப்பை இந்தப் பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும். அதன் முகப்பில், விவாகரத்தான மனைவி கெலிஸ் விட்டுச்சென்ற பச்சை மணவாடை நாஸின் மடிமீது கிடக்கிறது. 'பை பேபி' அந்த மணமுறிவை வழக்குமன்றச் செலவு உட்பட விவரிக்கிறது. 'டாட்டர்ஸ்' பதின்வயது மகளை வளர்க்கத் தடுமாறும் தந்தையின் குரல், பெண்களைப் பற்றித் தாமே முன்பு பாடியவற்றின் சுமையையும் உணர்ந்த குரல். இந்தப் பாட்டுகளை 1994இன் நாஸால் எழுதியிருக்க முடியாது. திறமை போதாமையால் அன்று, வாழ்ந்து முடிக்காத வாழ்க்கையை எவராலும் எழுத முடியாது என்பதால். நடுவயதின் தோல்வியையும் கடமையையும் ராப்பின் பாடுபொருளாக்கியோர் அப்போது மிகச் சிலரே. அவ்வரிசையில் முன்னின்ற தொகுப்பு இது. அதை 'இல்மேட்டிக்'கோடு ஒப்பிட்டு எடைபோடுவது வீண்வேலை.

எதிர்த்தரப்பின் கடைசி அரண், அண்மைக் காலத்தில் எழுந்தது. 2020 முதல் 2023 வரை, கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஹிட்-பாய் என்ற இளைய தயாரிப்பாளரோடு சேர்ந்து 'கிங்ஸ் டிசீஸ்', 'மேஜிக்' என்ற இரு வரிசைகளில் மும்மூன்றாக ஆறு தொகுப்புகளை நாஸ் வெளியிட்டார். முதலாவது 2021இல் அவருக்கு முதல் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது. ஆறாவது, அவருடைய ஐம்பதாம் பிறந்தநாளன்று வெளிவந்தது. ஒரே தயாரிப்பாளரோடு நிலைத்திருந்தால் நாஸ் தேறுவார் என்று இருபதாண்டு காலம் சொல்லிவந்தவர்களுள் ஒரு சாரார் அது நடந்தபின் இசை பாதுகாப்பானது, துணிவற்றது என்று குறைகண்டார்கள். மறுசாரார் மறுமலர்ச்சி என்று கொண்டாடினார்கள். முதல் சாராருக்கு விடை தேவையில்லை. பாராட்டுபவர்களையே மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் மறுமலர்ச்சி என்ற சொல் இடையில் ஓர் உதிர்வைத் தானாகவே நிறுவிவிடுகிறது. 2022இல் விருந்தினர் குரல் ஒன்றுகூட இல்லாமல் வந்த மூன்றாம் 'கிங்ஸ் டிசீஸ்' தொகுப்பில் 'பீஃப்' என்ற பாட்டு உள்ளது. ராப் உலகில் அச்சொல் பாடகரிடையே எழும் பகைமையைக் குறிக்கும். பாட்டில் பேசுவது அந்தப் பகைமையே, தான் எந்தெந்தக் காதுகளில் ஊதினேன், யார் யாரை வீழ்த்தினேன் என்று. 1996இன் துப்பாக்கியும் 1999இன் சிறையறையும் எந்த முறையில் பேசினவோ அதே முறையில் இதுவும் பேசுகிறது. 2008இல் பெயரிடப்படாமல் வந்த தொகுப்பில் அரசுக் குடியிருப்பின் கரப்பான் பூச்சி ஒன்றும் இதேபோல் பேசியிருந்தது. மூன்றாம் 'கிங்ஸ் டிசீஸ்' தொகுப்பின் 'ஒன்ஸ் அ மேன், டுவைஸ் அ சைல்ட்' முதுமையை நோக்கிச் செல்லும் உடலைப் பற்றிப் பேசும்போது, 2001இல் வளராத மனிதர்களைப் பற்றி எழுதியவரே இருபதாண்டு கழித்து மறுமுனையிலிருந்து அந்தப் பொருளுக்குத் திரும்பியிருப்பது தெரிகிறது. விடாமல் ஓடிவந்த இந்த இழையைக் காணாதவர்கள், அதன் ஒரு முனையில் 1994 என்றும் மறுமுனையில் 2020 என்றும் எழுதி, நடுவிலுள்ள இருபத்தாறு ஆண்டுகளுக்கு நாஸ் விளக்கம் சொல்ல வேண்டும் என்கிறார்கள். விளக்கம் சொல்லவேண்டியவர்கள் அந்த ஆண்டுகளின் பாட்டுகளைக் கேளாமலே தீர்ப்பு எழுதியவர்கள்தாம்.